அம்மாவின் முகமும் பெலாரின் மஞ்சள் உடுப்பும்

மோர்டன்
06.01.2025

அன்புள்ள தம்பி பாலனுக்கு,

தபாலில் கையெழுத்துக் கடிதம் வந்திருப்பதைக் கண்டு பயந்துவிடாதே. ஒருவரும் சாகவில்லை. நான்தான், உன் அக்கா வதனா. உன் நம்பரை என் போனில் மறித்து வைத்து ஒன்பது மாதமாகிறது. அதைத் திறக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. திறந்தால் கதைப்போம், கதைத்தால் கத்துவோம். வேலையால் வந்த பிறகு கத்துகிற பலம் எனக்கு இல்லை. இந்த லண்டனில் மோர்டனுக்கும் குரோய்டனுக்கும் இடையில் ஒரு ட்ராம் தூரம், அதற்குப் போய் முத்திரை ஒட்டுகிறாளே என்று சிரிப்பாய். சிரித்துவிட்டு மிச்சத்தை வாசி.

அம்மாவின் ஆண்டுத் திதி பெப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. என் வீட்டில்தான் செய்யப் போகிறேன். ஐயருக்கும் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு வைக்க எனக்கு அம்மாவின் படம் வேண்டும். நீ செய்த படம் இல்லை. நீ எதிலிருந்து அந்த முகத்தை எடுத்தாயோ, அந்த அசல் படம். அதற்காக மட்டும்தான் இந்தக் கடிதம்.

என்ன சண்டை என்று நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் என் பக்க நியாயத்தை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். அம்மா மோசம்போன கிழமை உன் கடையில் மரண அறிவித்தல் அடித்தாய். அப்பா போன பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வெள்ளைப் பருத்திச் சாறியோடு திரிந்த மனுசிக்கு அரக்குக் காஞ்சிபுரம் உடுத்திவிட்டாய். கழுத்தில் பதக்கச் சங்கிலி, கையில் காப்பு. அதே கிழமை சட்டனில் இருந்த எங்கள் ஊர்ப் பியற்றிஸ் அன்ரியும் மோசம்போனா. அவவின் அறிவித்தலும் உன் கைவேலைதான். மோர்டன் பலசரக்குக் கடைக் கண்ணாடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். ஒரே சாறி, ஒரே தோள், ஒரே கை. அம்மாவுக்குத் திருநீறு, பியற்றிஸ் அன்ரிக்குச் சிலுவை, அவ்வளவுதான் வித்தியாசம். கடைக்காரர் என்னிடம், “ரெண்டு பேரும் ஒரே வீட்டுச் சகோதரங்களோ அக்கா?” என்று கேட்டார். எடுத்த மரக்கறியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டு நினைவுப் புத்தகத்திலும் அதே படத்தைப் போட்டாய். ஆட்களுக்கு முன்னால் நான் உன்னை ஏசியது பிழை. சொன்ன விஷயம் பிழை இல்லை.

இவ்வளவு நாள் இருந்துவிட்டு இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலையிடத்தில் உன்னைப் போல ஒருவனிடம் மாட்டுப்பட்டிருக்கிறேன். நான் கறுத்த உடுப்போடு சுவரோரம் நின்று காவல் பார்க்கிற கலரியில், மூன்றாம் அறையில், நவம்பரிலிருந்து ஒரு பிரெஞ்சு ஓவியனின் கண்காட்சி நடக்கிறது. பெயர் மத்தியூ பெலார். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின ஆள். பெரிய இடத்துச் சனத்தின் முகம் வரைவதுதான் தொழில். அவன் பட்டறையில் தலையில்லாத உடம்புகளை முதலே வரைந்து அடுக்கி வைத்திருப்பார்களாம். மஞ்சள் சாட்டின் உடுப்பில் சில, நீலத்தில் சில, கறுத்த சிவப்பில் சில. சீமாட்டி வந்து ஒன்றைக் காட்டுவா. பெலார் அவவை ஜன்னலடியில் இருத்தி, ஒன்றரை மணித்தியாலத்தில் முகத்தை மட்டும் வரைந்து அனுப்பிவிடுவான். ஐந்து மஞ்சள் உடுப்புக்காரிகளை இங்கே ஒரே சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வருகிற சனம் பார்த்துச் சிரிக்கிறது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு நாளைக்கு ஏழரை மணித்தியாலம் அந்த ஐந்து பேருக்கு முன்னால் நிற்கிறேன், உன் ஞாபகம்தான் வருகிறது.

இன்னொன்று, யாரிடமும் சொல்லாதது. அம்மாவின் குரல் என்னிடம் இருக்கிறது. கால் நோவுக்கு எண்ணெய் தேய்க்கிற கை இருக்கிறது. முகம் போய்க்கொண்டிருக்கிறது. கண்ணை மூடினால் நீ செய்த படத்து முகம்தான் வருகிறது. அது அம்மா இல்லை என்று தெரிகிறது, அம்மா எப்படி இருந்தா என்பது வரமாட்டேன் என்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அசலை அனுப்பு.

அக்கா
வதனா

*

குரோய்டன்
12.01.2025

அன்பின் அக்கா,

‘எமது குடும்பத் தலைவியின் மறைவையொட்டி’ என்று விரல் தானாக அடித்துவிட்டது. அழித்துவிட்டுத் தொடங்குகிறேன். பதினாறு வருடமாக நான் தமிழில் வேறு ஒன்றும் அடித்ததில்லை.

கடிதம் கிடைத்தது. ஏச்சும் கிடைத்தது. உங்கள் சுகம் எப்படி என்று கேட்டால் போனை ஏன் மறித்தீர்கள் என்று கேட்கிற மாதிரி இருக்கும், அதனால் கேட்கவில்லை.

சனம் என்னிடம் என்ன கொண்டுவருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. கலியாண வீட்டுக் கூட்டப்படத்தில் ஐந்தாம் வரிசையில் நிற்கிற பாதி முகம். அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி. போன கிழமை ஒரு பிள்ளை தகப்பனை பஸ் பாஸில் கொண்டுவந்தது. எல்லாருக்கும் நாளைக்குக் காலமை வேண்டும். என்னிடம் ஆறு உடம்பு இருக்கிறது. மூன்று ஆண், மூன்று பெண். ஆண்களுக்குக் கோட்டும் கழுத்து ரையும். வாழ்க்கையில் கோட்டே போடாத மனுசனுக்கும் கோட்டுத்தான். “எங்கட அப்பா கோட்டுப் போட்டவரில்லை, கழட்டிவிடுங்கோ” என்று இன்றைக்கு வரைக்கும் ஒருவர் வந்து நின்றதில்லை. “அப்பா எவ்வளவு வடிவாய் இருக்கிறார்” என்று சொல்லித்தான் அழுதிருக்கிறார்கள். என்னோடு சண்டைக்கு வந்தது நீங்கள் ஒரு ஆள்தான்.

பியற்றிஸ் அன்ரி விஷயம் என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு அறிவித்தலும் ஒரே நாளில் செய்தது. அம்மா போய் இரண்டாம் நாள் நான் கடையைத் திறந்து இருந்தேன் அக்கா. வேறு எங்கே போய் இருக்கிறது என்று தெரியவில்லை. இருக்கிறதுக்குள் நல்ல உடம்பு எது என்று பார்த்து அம்மாவுக்கு வைத்தேன். பின்னேரம் பியற்றிஸ் அன்ரியின் மகன் வந்து நின்றான். களைப்பில் அதையே அவவுக்கும் வைத்துவிட்டேன்.

அசல் படம் சரிவராது. சின்னன், மங்கல். பெருப்பித்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளைப் பருத்திச் சாறியோடு புதிதாக ஒரு படம் செய்து தருகிறேன், சங்கிலி காப்பு ஒன்றும் இல்லாமல். திதிக்கு முதல் கொண்டுவந்து உங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். கதவு திறக்க வேண்டாம். அசலை விடுங்கோ.

உங்கள் பெலாரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு முகம் என்றால் ஆள் கெட்டிக்காரன். எனக்கு மூன்று மணித்தியாலம் வேண்டும்.

தம்பி
பாலேந்திரா

*

மோர்டன்
17.01.2025

தம்பி,

நான் சாறி கேட்கவில்லை, முகம் கேட்டேன். நீ கடை வாசலில் நிற்கிற ஆளுக்குச் சொல்கிற மாதிரி எனக்கு மாற்றுச் சாமான் காட்டுகிறாய்.

அசல் எது என்று எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? ஊரில் எடுத்த படங்கள் இடம்பெயர்ந்தபோது போய்விட்டன. இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் இருந்தும் ஒரு நல்ல படம் இல்லை. யாராவது போனைத் தூக்கினால் அம்மா அடுப்படிக்கு, குசினிக்குள் போய்விடுவா. பிறந்தநாள் படங்களில் முதுகும் கொண்டையும்தான் இருக்கிறது. நேரே பார்த்து எடுத்த படம் ஒன்றே ஒன்று. 2003இல், வந்து இறங்கிய கிழமை, குரோய்டன் குடிவரவுக் கட்டிடத்தில் அகதி அட்டைக்கு எடுத்தது. அந்த அட்டை உன்னிடம் இருக்கிறது. அன்றைக்கு அம்மாவோடு போனவன் நீ. நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று உனக்கும் தெரியும், கடிதத்தில் எழுத மாட்டேன்.

மங்கல் என்றால் மங்கலாகவே இருக்கட்டும். என் கண்ணும் இப்போது மங்கல்தான்.

பெலாரைக் கெட்டிக்காரன் என்றாய், அதனால் மிச்சத்தையும் கேள். இந்தக் கண்காட்சியை ஒழுங்குசெய்த ஹரியட் என்ற பெண், வியாழன் தோறும் இரண்டு மணிக்கு ஆட்களைக் கூட்டிவந்து அவன் கதையைச் சொல்லுவா. பத்துத் தரம் கேட்டு எனக்கு மனப்பாடம். ரூவான் என்ற ஊரில் கையுறை தைக்கிற வீட்டுப் பிள்ளை. தகப்பன் சின்னனிலேயே போக, தாய் தைத்து வளர்த்தா. பாரிஸ் நகரத்துக்குப் போய் முப்பது வயதுக்குள் பெயர் எடுத்துவிட்டான். அவர்கள் புரட்டஸ்தாந்து வேதக்காரர். 1685இல் ராசா அந்த வேதமே நாட்டில் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டார். வேதத்தை விட்டுவிட்டேன் என்று கடுதாசியில் கையெழுத்து வை, இல்லாவிட்டால் உன் வீட்டுக்குள் ஆமிச் சிப்பாய்களைக் கொண்டுவந்து இருத்துவோம் என்றார்கள். பெலார் கையெழுத்து வைத்தான். தாய் வைக்கவில்லை.

இரண்டு வருடத்தில் களவாகப் படகேறி லண்டனுக்கு வந்துவிட்டான். வரும்போது என்ன கொண்டுவந்தான் தெரியுமா? தலையில்லாத ஏழு பெண்களைச் சுருட்டிக்கொண்டு வந்தான். வந்த இடத்தில் பிழைக்க வேண்டுமே. எங்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பின ஏஜென்சிக்காரன் என்றால் தலையில்லாவிட்டாலும் ஏழு பேருக்கும் ரிக்கெற் காசு கேட்டிருப்பான். சோஹோவில் ஒரு அறை எடுத்து, வியாபாரிகளின் பெண்சாதிமாருக்கு அதே மஞ்சள் உடுப்பில் முகம் வைத்துக் கொடுத்துச் சீவித்தான். தாய் ரூவானிலேயே இருந்துவிட்டா. பிறகு அவன் அவவைக் காணவே இல்லை.

கால் வீங்கியிருக்கிறது. இதற்கு மேல் எழுத ஏலாது. படத்தை அனுப்பு.

வதனா

*

குரோய்டன்
22.01.2025

அன்பின் அக்கா,

நேற்றுச் செவ்வாய்க்கிழமை, உங்களுக்கு லீவு என்று தெரிந்துதான், கடையைப் பூட்டிவிட்டு உங்கள் கலரிக்குப் போனேன். உங்கள் இடத்தில் ஒரு உயரமான பெடியன் நின்றான். என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். ஒரு மணித்தியாலம் ஒரு படத்துக்கு முன்னால் நின்றால் பார்க்கத்தானே செய்வான்.

ஐந்து மஞ்சள் உடுப்புக்காரிகளையும் கண்டேன். நான் சிரிக்கவில்லை. நல்ல வேலை அக்கா. கழுத்தும் முகமும் சேருகிற இடம் இருக்கிறதே, அதுதான் எங்கள் தொழிலில் உயிர்போகிற இடம். அவன் அதில் ஒரு மணிமாலையைப் போட்டு மறைக்கிறான். நான் சங்கிலி போடுவதும் அதற்குத்தான். ஆசைக்குப் போட்ட நகை என்று நினைத்தீர்களாக்கும்.

ஆனால் கதவுக்குப் பக்கத்தில் தனியாக ஆறாவது மஞ்சள் உடுப்பு ஒன்று மாட்டியிருக்கிறது. பதினோராம் நம்பர். நீங்கள் அதைப்பற்றி எழுதவில்லை. எழுபது வயது மனுசி. ‘பெயர் தெரியாத மூதாட்டி, லண்டன், 1692 அளவில்’ என்று எழுதியிருக்கிறார்கள். இனி வேலைக்குப் போனால் அதை நன்றாகப் பாருங்கோ. மற்ற ஐந்து பேருக்கும் வெளிச்சம் இடப்பக்கத்தால் வருகிறது, உடுப்புக்கும் அப்படி, முகத்துக்கும் அப்படி. ஏனென்றால் அந்தப் பெண்கள் உண்மையாகவே அவன் ஜன்னலடியில் வந்து இருந்தவர்கள். இந்தக் கிழவிக்கு உடுப்பில் வெளிச்சம் இடப்பக்கம், முகத்தில் வலப்பக்கம். தோள் இருபத்தைந்து வயதுக்காரியின் தோள். மணிமாலையும் போடவில்லை, கழுத்து சேர்ந்த இடம் அப்படியே தெரிகிறது.

என் கடைக்கு வருகிற ஆட்களைக் கேட்டாலும் சொல்லுவார்கள், இது ஆள் இல்லாமல் செய்த படம். அந்த மனுசி அவன் ஜன்னலடிக்கு வரவே இல்லை. எங்கேயோ இருந்த முகத்தை ஞாபகத்தில் இருந்து எடுத்து, கையில் இருந்த நல்ல உடம்பில் வைத்திருக்கிறான். வேறு ஒரு அறையின் வெளிச்சம் அந்த முகத்தில் விழுந்திருக்கிறது. தொழில் தெரிந்தவன் வெளிச்சத்தில் பிழைவிட மாட்டான். தெரிந்துகொண்டு விட்டிருக்கிறான், அல்லது பார்க்க ஏலாமல் விட்டிருக்கிறான். எனக்கு அங்கே நின்று கண் கலங்கிவிட்டது. உங்கள் பெடியன் தண்ணி வேண்டுமா என்று கேட்டான்.

அசல் விஷயம். நான் உங்களுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. உடம்பு மட்டும் இல்லை, அம்மாவின் முகத்திலும் கை வைத்தேன். அந்த அட்டையில் இருக்கிற முகத்தை அப்படியே வைக்க முடியாது அக்கா. அதுக்கு மேல் கேட்காதேங்கோ. உங்களுக்கு நல்லது செய்கிறேன் என்று நம்புங்கோ.

தம்பி
பாலேந்திரா

*

மோர்டன்
31.01.2025

தம்பி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் கிழிக்கத்தான் நினைத்தேன். முகத்திலும் கை வைத்தேன் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது! ஒன்பது மாதமாக அந்த முகமாவது உண்மை என்று பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பதினோராம் நம்பரைப் போய்ப் பார்த்தேன். மூன்று மாதமாக நான் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன், அந்தப் பக்கம் கதிரை இருக்கிறபடியால். ஒருநாளும் பார்க்கவில்லை. நீ சொன்னது சரி. வெளிச்சம் பிழை.

நேற்று வியாழன். ஆட்கள் போன பிறகு ஹரியட்டிடம் சொன்னேன். காவல் நிற்கிறவள் படத்தைப்பற்றிக் கதைத்தால் சிலருக்கு முகம் மாறும். அவ மாறவில்லை. என் தம்பி இறந்தவர்களுக்குப் படம் செய்கிற தொழில், அவன்தான் கண்டுபிடித்தான் என்றேன். அவ படத்துக்குக் கிட்டப் போய்க் கனநேரம் நின்றா. பிறகு சொன்னா, பெலார் செத்த பிறகு எடுத்த சாமான் பட்டியலில் ‘என் தாய், மஞ்சளில், படுக்கை அறையில்’ என்று ஒரு வரி இருக்கிறதாம். அது இந்தப் படமாக இருக்க முடியாது என்று இவ்வளவு காலமும் படித்தவர்கள் தள்ளி வைத்தார்களாம். ஏனென்றால் கையுறை தைத்த கைம்பெண்ணுக்குச் சாட்டின் உடுப்பு எங்கே இருந்து வரும் என்று. அதோடு தாய் 1689இலேயே ரூவானில் செத்துவிட்டா, லண்டனுக்கு வந்ததே இல்லை. “ஆனால் உங்கள் தம்பி சொல்வது, அவ வரவில்லை என்பதுதானே?” என்றா ஹரியட். ஓம் என்றேன். பெயர்ப்பலகையை மாற்றுவதற்கு ஒரு வருடம் செல்லும், அதற்குள் படம் திரும்பிப் போய்விடும், ஆனால் இதைப்பற்றி எழுதுவேன் என்றா. உன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டா.

அதற்குப் பிறகு உன்னை ஏச எனக்கு வாய் வரவில்லை. சீமாட்டிகளுக்கு வைத்த உடுப்பைத் தாய்க்கும் வைத்திருக்கிறான், பாவி. என்னிடம் இருக்கிறதில் இது நல்லது என்று வைத்திருக்கிறான். நீயும் அதைத்தான் எழுதினாய், நான்தான் வாசிக்கவில்லை.

பெலார் கதையில் ஒரு பகுதியை உனக்கு எழுதாமல் விட்டேன். லண்டனில் இருந்த பிரெஞ்சுக்காரரின் தேவாலயத்தில், ஊரில் பொய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் எழுந்து நிற்கவேண்டுமாம். உயிருக்குப் பயந்து வைத்தேன், அது உண்மை இல்லை என்று வாயால் சொல்லவேண்டுமாம். பெலாரும் நின்று சொன்னானாம், புத்தகத்தில் பெயர் இருக்கிறதாம். ஹரியட் அந்த இடத்துக்கு வரும்போது, என்னை ரேடியோவில் கூப்பிட்ட மாதிரிக் காட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். பத்துத் தரமும் போயிருக்கிறேன். ஏன் என்று இந்த நாட்டில் உனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு நல்லது செய்கிறேன் என்கிறாய். இனிச் செய்யாதே. அம்மாவின் முகம் எப்படி இருந்தாலும் எனக்கு வேண்டும். அனுப்பு, பாலன்.

அக்கா

*

குரோய்டன்
09.02.2025

அன்பின் அக்கா,

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் கடிதத்தை வாசியுங்கோ, பிறகு மற்ற உறையைப் பிரியுங்கோ.

இதை நான் எழுதினால்தான் நீங்கள் அந்தப் படத்தைப் பார்க்க ஏலும். 1997இல் நீங்கள் வந்தபோது ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்த கதையில், தாய் தகப்பன் இரண்டு பேரும் ஷெல்லில் செத்துவிட்டார்கள். அப்படிச் சொன்னால்தான் கேஸ் நிற்கும் என்றான். நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள். நான் என்றாலும் வைத்திருப்பேன். ஆறு வருடத்துக்குப் பிறகு அம்மா உயிரோடு வந்து இறங்கினா. நீங்கள் மகள் என்று வெளியில் தெரிந்தால் உங்கள் விசாவும் போகும், அவவின் கேஸும் போகும் என்று லோயர் சொன்னார். அதனால் என்னை மட்டும் பிள்ளை என்று சொல்லச் சொல்லி அம்மாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது நான்தான். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். மிச்சம் தெரியாது.

அந்தக் கட்டிடத்தில் விசாரிக்கும்போது, வயது போனவ என்று என்னையும் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க விட்டார்கள். பெயர், ஊர், வயது எல்லாம் நன்றாகச் சொன்னா. பிறகு எத்தனை பிள்ளைகள் என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். அம்மா வழமைபோல விரலை மடக்கினா. ஒரு விரல் மடங்கியது. இரண்டாவது விரல் மடங்கத் தொடங்கி நின்றுவிட்டது.

“ஒண்டு. மகன் மட்டும்தான்,” என்றா.

“பொம்பிளைப் பிள்ளையள் இல்லையோ அம்மா?”

“இல்லை. எனக்குப் பொம்பிளைப் பிள்ளை பிறக்கேல்லை.”

நான் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை அக்கா. இல்லை என்று மட்டும் சொல்லச் சொன்னேன். பிறக்கவில்லை என்றது அவவாகச் சொன்னது. கேட்கிறவன் நம்பவேண்டும் என்று சொல்லியிருப்பா. உடனே பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் இது.

திரும்ப ட்ராமில் வந்தோம். இறங்கும்போது என் கையைப் பிடித்து, “தம்பி, நான் சொன்னதை வதனாவுக்குச் சொல்லிப்போடாதை. அவள் மூத்த பிள்ளை,” என்றா. அதற்குப் பிறகுதான் கமெராவைக் கண்டால் குசினிக்குள் போகிற பழக்கம் வந்தது. நாங்கள் வெட்கம் என்று நினைத்தோம்.

படத்தில் வாயை உள்ளுக்கு இழுத்துக் கடித்துக்கொண்டிருக்கிறா. கண்ணுக்குக் கீழே ஈரம் இருக்கிறது. கொம்பியூட்டரில் வாயைத் தளர்த்தினேன், ஈரத்தை எடுத்தேன். மூன்று மணித்தியாலம் என்று முதலில் எழுதினேனே, அம்மாவுக்கு ஒரு பகல் முழுக்க எடுத்தது.

இன்னும் ஒன்று. போன வருடம் அறிவித்தலில் உங்கள் பெயரைப் போடவேண்டாம் என்றீர்கள். இணையத்தில் வரும், யாராவது பார்த்துக் காட்டிக்கொடுத்தால் இந்த வயதில் பாஸ்போட்டைப் பறிப்பார்கள் என்றீர்கள். சரி என்று ‘பாலேந்திராவின் அன்புத் தாயாரும்’ என்று மட்டும் அடித்தேன். அம்மா அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் சொன்னதை நான் அச்சில் போட்டேன். அந்த எழுத்துக்கு மேலே அந்த முகத்தையும் வைக்க என்னால் முடியவில்லை. அதற்குத்தான் பட்டும் சங்கிலியும். நீங்கள் ஆட்களுக்கு முன்னால் ஏசும்போது இதைச் சொல்லியிருக்கலாம். அம்மா சொல்லாதே என்றவ.

என்னோடு கோபிக்கவேண்டும் என்றால் கோபியுங்கோ. எனக்கும் அலுத்துவிட்டது.

தம்பி
பாலன்

*

மோர்டன்
13.02.2025

அன்புள்ள தம்பி பாலனுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு மற்ற உறையை ஒரு முழு நாள் பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தேன். இன்றைக்கு லீவு போட்டுவிட்டு, காலமை தேத்தண்ணி குடித்து, முகம் கழுவி, பிறகுதான் பிரித்தேன்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும், பாலன்.

நீ எனக்குத் தெரியக்கூடாது என்று இருபத்திரண்டு வருடம் ஒளித்து வைத்தாய். நான் அதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். அம்மா என் வீட்டுக்கு வந்த பிறகு டொக்டரிடம் கூட்டிப்போவது நான்தானே. வரவேற்பு மேசையில் ‘இவ என் அன்ரி’ என்று நான் சொல்லுவேன். பக்கத்தில் அம்மா வாயை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு நிற்பா. கவுன்சிலிலும் அப்படி, உதவிப்பணம் தருகிற பெனிபிட் ஒபிசிலும் அப்படி. கடைசியாக ஆஸ்பத்திரியில் ஒரு தாதி பத்திரத்தைத் தந்தா. உறவு என்று கேட்டிருந்த பெட்டியில் பெறாமகள் என்று இங்கிலீஷில் எழுதினேன். அம்மா கட்டிலில் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தா. வாசிக்கத் தெரியாது, ஆனால் நான் என்ன எழுதுகிறேன் என்று அவவுக்குத் தெரியும். இதே வாய், இதே கண். அதற்குப் பிறகு நாலு நாள்தான் இருந்தா.

எனக்கு ஏன் அம்மாவின் முகம் ஞாபகம் வரவில்லை என்று இன்றைக்குத்தான் விளங்கியது. வருகிற முகத்தை நான்தான் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். உன்னைத் திருடன் மாதிரி ஏசினேன், நீ ஒரு சாறியைத்தான் மாற்றினாய். நான் அவவை உயிரோடு சாகடித்துக் கையெழுத்து வைத்தவள். அம்மா பதிலுக்கு என்னைப் பிறக்காமல் பண்ணினா, அதுவும் எனக்காக. கணக்குச் சரி என்று சொல்ல முடியவில்லை. நிறைய அழுதேன். பக்கத்து வீட்டு றூபினி வந்து கதவைத் தட்டிப் பார்த்தாள்.

திதியன்றைக்கு உன் பட்டுச் சாறிப் படத்தையே வைப்போம். பெரிதாக அடித்துக்கொண்டு வா. நாலு பேர் வருகிற இடத்தில் அம்மா வடிவாக இருக்கட்டும். பியற்றிஸ் அன்ரியின் ஆட்களுக்கும் நான் சொல்லியிருக்கிறேன், வந்தால் இரண்டு பேரும் சகோதரங்கள் என்றே நினைத்துக்கொண்டு போகட்டும். சின்னப் படத்தை நான் உனக்குத் திருப்பித் தரமாட்டேன். அது என் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும். இனி அதைக் கண்டு அடுத்த அறைக்குப் போகமாட்டேன்.

ஐயர் பத்து மணிக்கு வருகிறார். நீ எட்டு மணிக்கே வா, வாழையிலை உன் பக்கத்தில்தான் நல்லது கிடைக்கிறது. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதை எழுத்தில் தரவேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

திதிக்கு முதல் நினைவு அறிவித்தல் ஒன்று நீ எப்படியும் அடிப்பாய். கடைக் கண்ணாடிக்கும் கொடு, இணையத்திலும் போடு. அதில் என் முழுப் பெயரைப் போடு. உன் பெயருக்கு மேலே போடு, நான் மூத்தவள். மோர்டன், லண்டன் என்று இடத்தையும் போடு. லோயர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். பார்க்கிறவன் பார்க்கட்டும், கேட்கிறவன் வந்து கேட்கட்டும். அறுபத்தொரு வயதாகிறது, பயப்படவும் எனக்குக் களைப்பாக இருக்கிறது.

பெயருக்கு முன்னால் மகள் என்று போடு.

அக்கா
சந்திரவதனா